வெல்வெட் பெட்டிக்குள் ரம்பம்

அன்புள்ள சரவணா,

அக்காவும் குழந்தையும் நலம். பத்தியச் சாப்பாடு போதும் என்று அடம் பிடிக்கிறாள். அந்தக் கதை நேரில். நேற்று மாப்பிள்ளை என்னை ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனார். சர்ஜரி படிக்கும் உனக்கு அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷன் பக்கத்தில் பழைய செயின்ட் தாமஸ் தேவாலயம். சுழல் படிக்கட்டில் 52 படி, பிடித்துக்கொள்ளக் கயிறுதான். என் முட்டியைப் பற்றிக் கேட்காதே. மேலே, கூரைக்கடியில், ஓர் ஆபரேஷன் தியேட்டர்! பக்கத்து மருத்துவமனையின் பெண் நோயாளிகளுக்காக 1822இல் கட்டியது. 1862இல் மருத்துவமனை இடம் மாறியதும் மறந்தேபோய், 1956இல்தான் மறுபடி கண்ணில் பட்டதாம். நடுவில் மர மேசை, ரத்தம் வடிய அடியில் மரத்தூள் பெட்டி, உன்னைப்போன்ற பையன்கள் நின்று எட்டிப்பார்க்கச் சுற்றிலும் அடுக்கடுக்காகப் படிகள்.

மயக்க மருந்து லண்டனுக்கு வந்தது 1846 டிசம்பரில். அதுவரை அந்த மேசையில் விழித்திருக்கும்போதே அறுத்திருக்கிறார்கள். ஓரிரு நிமிஷத்தில் காலை எடுப்பவர்தான் கெட்டிக்காரர். இதைக் கேட்டதும் மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது.

எனக்கு அங்கே வைத்திருந்த பழைய ஆபரேஷன் ரம்பத்தைப் பார்த்துப் பயமில்லை. கண் போனது பிடிமேல்தான். கருங்காலி, தந்தம், கை வழுக்காமலிருக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறியிருக்கிறார்கள். பெட்டிக்குள் வெல்வெட். பார்த்தால் நகைப்பெட்டி தோற்கும். முப்பது வருஷம் ஆபரேஷன் கருவி டிரே கழுவியவளுக்கு வயிற்றைப் பிரட்டியது. அந்தக் கீறலில் ஒட்டிய ரத்தம் எப்படிப் போகும்? வெல்வெட்டை எதைப் போட்டுத் துவைப்பது? கொதிக்க வைத்தால் மரப்பிடி வெடித்துவிடும். கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமிலத்தைப் பற்றி சர்ஜன் லிஸ்டர் எழுதியதே 1867இல். அப்புறம் கருவிகளைக் கொதிக்க வைக்கும் வழக்கம் வந்த பிறகுதான் பிடியும் உலோகமானது. அழகு போனது, நல்லவேளை.

இன்னொன்று. நைட்டிங்கேல் அம்மையார் 1860இல் நர்ஸிங் பள்ளி தொடங்கியதும் இதே மருத்துவமனையில்தான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

சரி, போன வாரம் போனில் சலித்துக்கொண்டாயே, ரத்தக்குழாயைப் பிடிக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் பூட்டில் கறை இருந்ததென்று சிஸ்டர் மொத்த டிரேயையும் திருப்பி அனுப்பிவிட்டார், அரை மணி நேரம் வீண் என்று. அந்த சிஸ்டருக்கு ஒரு சாக்லெட் டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். நீயே கொண்டுபோய்க் கொடு.

அம்மா