எல்லா ரிவெட்டையும் பிடுங்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ கட்டுகிற விமானத்தின் இறக்கைப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்பாரும் (இறக்கையின் நீளவாக்கு முதுகெலும்பு) ரிப்களும் (அதற்குக் குறுக்கே வரும் விலா எலும்புகள்) ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன. தகடுகளை இணைக்க அடித்த ஆணிகள், அந்த ரிவெட் வரிசைதான் உனக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் சாய்ந்ததைக்கூட விடாமல் எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். ட்ரில்லைத் தொடுவதற்கு முன்னால் இதைப் படி.

ஹேங்கரில் தகட்டு வேலை பார்த்த காலத்தில், ரிவெட்டைத் தப்பாக அடித்து இறக்கையைக் கெடுத்தவர்களைவிட, அடித்ததை எடுக்கப் போய்க் கெடுத்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ட்ரில் கொஞ்சம் நழுவினால் போதும், வட்டத் துளை முட்டை வடிவமாகிவிடும். அப்புறம் அதில் பெரிய ரிவெட் போட வேண்டும். பெரிய ரிவெட்டுக்குத் தகட்டின் ஓரத்திலிருந்து அதிக இடைவெளி வேண்டும்: துளையின் மையத்திலிருந்து ஓரம் வரை குறைந்தது விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு. ரிப்பின் ஓர மடிப்பில் அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது?

அதனால் கண்ணை நம்பாதே, அளந்து பார். அடித்து முடித்த ரிவெட்டின் பின்பக்கம், தண்டின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருந்தால் நல்லது. 1/8 அங்குல ரிவெட் என்றால் 3/16 அகலம், 1/16 உயரம். அதற்கு ஒட்டி வந்து, தலையும் தகட்டோடு படிந்திருந்தால், லேசான சாய்வைக் கண்டுகொள்ளாதே. தலைக்கடியில் இடைவெளி தெரிந்தாலோ, பின்பக்கம் வெடித்திருந்தாலோ, இரண்டு தகடுகளும் ஒட்டாமல் நடுவில் ரிவெட் பிதுங்கியிருந்தாலோ எடுத்துத்தான் ஆக வேண்டும். தலையின் நடுவில் சின்னக் குழி இருக்கும், ட்ரில் முனையை அதில் வை. தலையின் ஆழம் வரை மட்டும் துளை. தலையை ஒடித்துவிட்டு, பின்னால் மரக்கட்டையை அண்டக்கொடுத்துத் தண்டைத் தட்டி வெளியேற்று.

உன் பிடிவாதத்தைக் காட்ட வேண்டிய இடம் வேறு: துளையிட்டதும் ஓரத்தில் நிற்கும் உலோகப் பிசிறு. ரிவெட் அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு துளையின் இரண்டு பக்கமும் பிசிறு எடுத்தாயா? படத்தில் தெரியவில்லை. உலோகத்தில் விரிசல் பெரும்பாலும் துளை ஓரத்தில்தான் தொடங்கும். 1954-ல் காமெட் என்ற பிரிட்டிஷ் ஜெட் பயணிகள் விமானங்கள் இரண்டு விழுந்தன. அதில் ஒன்றின் சிதைவைக் கடலிலிருந்து எடுத்து ஆராய்ந்தபோது, கூரையில் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலையில், ஒரு துளை ஓரத்தில் களைப்பு விரிசல் (திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கி வரும் விரிசல்) இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அது காற்றழுத்தம் ஏற்றிய உடற்பகுதி, உன் இறக்கை வேறு கதை. ஆனாலும் அலுமினியத்தின் குணம் ஒன்றுதான். பெரிய ட்ரில் முனையைக் கையில் பிடித்து ஓரிரு சுற்றுச் சுற்றினால் பிசிறு போய்விடும். அதிகம் சுற்றினால் ஓரம் மெலிந்து கத்தி மாதிரி ஆகிவிடும், அதுவும் கெடுதல்.

அடிப்பக்கத் தகட்டை மூட அவசரப்படாதே. மூடும்வரை இறக்கையைக் கையால் முறுக்கலாம். ரிவெட் அடித்து மூடியபின் அது பெட்டி மாதிரி விறைத்துவிடும். அப்போது இருக்கிற முறுக்கம் நிரந்தரம். ஒரு இறக்கை மட்டும் அப்படி ஆனால் விமானம் எப்போதும் ஒரு பக்கம் சாயும், ஓட்டுகிறவர் கட்டுப்பாட்டுத் தண்டை எதிர்ப்பக்கம் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தூக்குக் குண்டுகளைத் தொங்கவிட்டு, ரசமட்டமும் வைத்துச் சரிபார். மறுநாள் காலையில் இன்னொரு தடவை பார். வரைபடத்தில் முனைப் பக்கம் கொஞ்சம் முறுக்கம் வேண்டும் என்று கொடுத்திருந்தால் அந்த அளவையே வை, நேராக்கிவிடாதே.

அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, "இதில் உட்கார்ந்து பறக்கப் போகிறாளா?" என்று மட்டும் கேட்டார். பதில் நீயே சொல்லிக்கொள்.

ரிவெட் கன் சத்தத்துக்குக் காதடைப்பான் போடுகிறாய்தானே? அப்புறம், மூடும் வேலைக்கு ஆள் தேடாதே. ஒருவர் வெளியே கன் பிடித்தால், இன்னொருவர் கையை உள்ளே விட்டு, ரிவெட்டின் பின்பக்கத்துக்கு அண்டக்கொடுக்கும் இரும்புக் கட்டையான பக்கிங் பாரைப் பிடிக்க வேண்டும். என் கை சின்னது, அந்தச் சந்துக்குள் நுழையும். நாளைச் சொல், கிளம்பி வருகிறேன்.

அன்புடன்,
அம்மா