அமெரிக்கா 250 விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்: சம்பளம் வராத சிப்பாய்ங்க கதையையும் சொல்லுங்க

அமெரிக்க சுதந்திரத்தோட 250ம் ஆண்டு விழாவுக்காக காங்கிரஸ் 2016ல அமைச்ச கமிஷன்ல இருக்கிறவங்களுக்கும், ஊர் ஊரா கண்காட்சி, ஊர்வலம்னு ஏற்பாடு பண்ற எல்லாருக்கும் வணக்கம்.

நான் இந்த நாட்டுக்கு வந்து குடியேறி, வேலை பாத்து வரி கட்டிட்டிருக்கிற ஒரு தமிழன். இந்த நாடு எப்படி உருவாச்சுங்கறத படிக்க ஆரம்பிச்சா எனக்கு நேரம் போறதே தெரியாது. சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்து போட்ட 56 பேரைப் பத்தியும் வாஷிங்டன், ஜெஃபர்சன், ஃபிராங்க்ளின் பத்தியும் நீங்க பேசுவீங்க, பேசணும், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் பிரகடனத்த நிஜமாக்க பிரிட்டிஷ்காரங்கள எதிர்த்து வருஷக்கணக்கா துப்பாக்கி தூக்கினவனுக்கு இந்த நாடு சம்பளத்த ஒழுங்கா குடுக்கல. அதை மறைக்காம விழாவுல சொல்லுங்க.

ஜோசப் பிளம் மார்ட்டின்னு ஒரு பையன், கனெக்டிகட்ல தாத்தா பாட்டிகிட்ட வளந்தவன், 1776ல பட்டாளத்துல சேரும்போது வயசு 15. கடைசி வரைக்கும் போர்ல இருந்தவன், வயசான காலத்துல 1830ல தன்னோட நினைவுகள எழுதி வெளியிட்டான். அதுல ஒரு இடம். 1777 டிசம்பர், பட்டாளம் குளிர்கால முகாம் போட வேலி ஃபோர்ஜ் பக்கம் போயிட்டிருக்கு, நாள் கணக்கா சரியான சாப்பாடு கிடையாது, அப்போ நாடு முழுக்க நன்றி செலுத்தற நாள் கொண்டாடணும்னு, போரை நடத்தின காங்கிரஸ் சபை அறிவிக்குது. சிப்பாய்களுக்கும் விருந்து உண்டுன்னு சொல்லி ஆளுக்கு குடுத்தது என்ன தெரியுமா, கால் கப் அரிசி, ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர். அவ்வளவுதான். அதை தின்னுட்டு பிரசங்கம் கேக்க போகச் சொன்னாங்க. அந்தக் குளிர்காலத்துல வேலி ஃபோர்ஜ்ல கிட்டத்தட்ட 2,000 பேர் செத்தாங்க, பெரும்பாலும் நோய்லதான்.

சாதாரண சிப்பாய்க்கு பேசின சம்பளம் மாசம் ஏழு டாலர் கூட இல்ல. அதுவும் வரல. காங்கிரசுக்கு வரி போடற அதிகாரமே கிடையாது, அதனால காகித நோட்டா அடிச்சுத் தள்ளினாங்க, 1781க்குள்ள அந்த நோட்டுக்கு மதிப்பே இல்லாம போச்சு. அந்த வருஷம் யார்க்டவுனுக்குப் போற வழியில, பிரெஞ்சுக்காரங்ககிட்ட கடன் வாங்கி ஒரு மாச சம்பளத்த வெள்ளிக் காசா குடுத்தாங்க. 1776க்கு அப்புறம் கையில வந்த உருப்படியான சம்பளம் அது ஒண்ணுதான், பிறகு எப்பவுமே வரலன்னு மார்ட்டின் எழுதறான். அந்த யார்க்டவுன்லதான் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைஞ்சது, பின்னாடி 1792ல திப்பு சுல்தானோட ரெண்டு மகன்கள பணயமா வாங்கிட்டுப் போன அதே கார்ன்வாலிஸ்.

அதே 1781 ஜனவரி 1ம் தேதி, மாரிஸ்டவுன்ல பென்சில்வேனியா படைக்காரங்க சம்பளம் கேட்டு கலகம் பண்ணாங்க. அதிகாரி ஒருத்தர் செத்தும் போனார், அது தப்புதான். ஆனா அடுத்து நடந்தத பாருங்க. உங்க பாக்கிய நாங்க தர்றோம், எங்க பக்கம் வந்துருங்கன்னு பிரிட்டிஷ் தளபதி கிளிண்டன் ரெண்டு ஆள் அனுப்பறார். பசியும் கிழிஞ்ச துணியுமா நின்னவங்க அந்த ரெண்டு பேரையும் பிடிச்சு ஒப்படைச்சுட்டாங்க, அவங்கள தூக்குல போட்டாச்சு. நாட்டுப்பற்றுன்னு மேடையில பேசறதுக்கு இதைவிட பெரிய சம்பவம் எனக்குத் தெரிஞ்சு இல்ல, ஆனா எத்தனை பேருக்கு இது தெரியும்?

1783ல போர் முடிஞ்சுது. சிப்பாய்கள வீட்டுக்கு அனுப்பும்போது காசு இல்ல, பாக்கிக்கு பதிலா கடன் பத்திரம். போட்டுக்க நல்ல துணி கூட இல்லாம, ஊர் போய்ச் சேரவாவது வழி வேணுமேன்னு அதை அப்பவே பல பேர் வித்துட்டாங்க. பத்திரத்துல போட்டிருந்த தொகையில எட்டுல ஒரு பங்குக்கெல்லாம் கை மாறிச்சு. வாங்கினவங்க ஊர்ல காசு வச்சிருந்த வியாபாரிங்க.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு தாங்க முடியாத பகுதி. மாசசூசெட்ஸ் மாநிலம் தன்னோட போர்க்கடன அடைக்க வரி போட்டுச்சு, அதையும் காசாதான் கட்டணும். மேற்குப் பக்கத்து விவசாயிகிட்ட தானியம் இருக்கும், மாடு இருக்கும், காசு இருக்காது. மாநிலம் தன் பங்குக்கு குடுத்த பத்திரங்கள்ல பெரும்பாலானது அதுக்குள்ள பாஸ்டன் பக்கத்து வியாபாரிங்க கையில. ஆக, பத்திரத்த அடிமாட்டு விலைக்கு வித்த அதே சிப்பாய், அதை வாங்கினவனுக்கு முழுத் தொகை போய்ச் சேர வரி கட்டணும், கட்ட முடியலன்னா மாடும் நிலமும் ஜப்தி, கடனுக்கு ஜெயில். 1786 ஆகஸ்ட்ல நார்தாம்ப்டன் கோர்ட்டையே நடத்த விடாம ஜனங்க கூடி நின்னாங்க. டேனியல் ஷேஸ் பேர்ல சொல்ற கலகம் இதுதான். ஷேஸ் பங்கர் ஹில், சரட்டோகான்னு சண்டை போட்ட கேப்டன், பிரெஞ்சு தளபதி லஃபாயெட் பரிசா குடுத்த வாளையே கஷ்டத்துல வித்தவர். 1787 ஜனவரி 25 ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதக் கிடங்குல பீரங்கி சுட்டதுல இவங்க பக்கம் நாலு பேர் செத்தாங்க. கலகத்த அடக்கப் போன படைக்கு செலவு பண்ணது பாஸ்டன் வியாபாரிங்க.

இந்தக் கலகத்த பாத்து வந்த பயமும், அந்த வருஷம் மே மாசம் ஃபிலடெல்ஃபியாவுல அரசியல் சாசனம் எழுத உக்காந்ததுக்கு ஒரு பெரிய காரணம். இந்தக் கலகக்காரங்க சொத்தெல்லாம் பொதுன்னு நினைக்கிறாங்கன்னு, போர்ல தளபதியா இருந்த ஹென்றி நாக்ஸ் வாஷிங்டனுக்கு பதறிப்போய் எழுதினார், ரொம்ப மிகைப்படுத்தி. புது அரசுக்கு வரி போடற அதிகாரம் வந்துச்சு, பழைய கடன் எல்லாம் செல்லும்னும் எழுதினாங்க. 1790ல நிதி அமைச்சர் ஹாமில்டன், பத்திரம் இப்ப யார் கையில இருக்கோ அவங்களுக்கே குடுக்கணும்னு சொன்னார். முதல்ல வாங்கின சிப்பாய்க்கும் ஒரு பங்கு குடுங்கன்னு காங்கிரஸ் உறுப்பினர் மேடிசன் கேட்டார், அந்தத் தீர்மானம் பிப்ரவரி 22ம் தேதி ஓட்டெடுப்புல 36க்கு 13னு தோத்துப்போச்சு. ஹாமில்டன் பக்கம் நியாயம் இல்லன்னு நான் சொல்ல வரல. வாங்கினவனுக்கு குடுக்காட்டி நாளைக்கு இந்த நாட்டோட பத்திரத்த எவன் நம்புவான், அந்த நம்பிக்கை மேலதான் இன்னிக்கு வரைக்கும் டாலர் நிக்குது. ஆனா அந்த நம்பிக்கைக்கு விலை குடுத்தது யாருன்னு சொல்லணும் இல்லையா?

மார்ட்டின் மெய்ன் பக்கம் போய் காடு திருத்தி விவசாயம் பண்ணார். அந்த நிலம் எனக்கு சொந்தம்னு உரிமை கேட்டு வந்தது, சொத்து போயிரும்னு பதறின அதே ஜெனரல் ஹென்றி நாக்ஸ். கெஞ்சி கடிதம் எழுதியும் நிலம் கொஞ்சம் கொஞ்சமா கைவிட்டுப் போச்சு. 1818ல ஏழை சிப்பாய்களுக்கு மாசம் 8 டாலர் பென்ஷன்னு சட்டம் வந்துச்சு, அந்த பென்ஷனுக்காக தன்னோட சொத்து ரெண்டு பசு, ஆறு ஆடு, ஒரு பன்னின்னு சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்க வேண்டிய நிலைமை. அந்தச் சட்டம் வந்ததே போர் முடிஞ்சு 35 வருஷம் கழிச்சுதான்.

அதனால என்னோட கோரிக்கை. ஜூலை 4 மேடையில பிரகடனத்த வாசிக்கும்போது, கூடவே அந்தந்த ஊர் சிப்பாய் ஒருத்தரோட பென்ஷன் மனுவையும் வாசிங்க. கண்காட்சியில பிரகடனத்தோட நகல் பக்கத்துல ஒரு சிப்பாயோட கடன் பத்திரத்தையும் வைங்க, அது கடைசியில யார் கைக்குப் போச்சுங்கறதையும் எழுதி வைங்க. ரோட் ஐலண்ட்ல 1778ல விடுதலை தர்றோம்னு சொன்னதை நம்பி பட்டாளத்துல சேந்த கறுப்பின அடிமைகளோட மனுக்களையும் விட்டுடாதீங்க. இதுக்குன்னு புதுசா எதையும் தேட வேண்டியதில்ல. மனுக்கள் எல்லாம் தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு, தன்னார்வலர்கள் உக்காந்து அந்தப் பழைய கையெழுத்தப் படிச்சு டைப் பண்ணிட்டிருக்காங்க, ஆன்லைன்ல யார் வேணா பாக்கலாம். உங்க நிகழ்ச்சி நிரல்ல அதுக்கு பத்து நிமிஷம் ஒதுக்குங்க.