சின்னம் தைக்கும் கூலி: பதினெட்டுச் சட்டைகளின் கணக்கு

ஆசிரியருக்கு,

ஐயா,

முதலாம் தவணை தொடங்கியதும் மலையகப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான ஆயத்தங்கள் ஆரம்பமாகிவிடும். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற நகரங்களின் சிறிய எம்பிராய்டரிக் கடைகளுக்கு ஆண்டிலேயே வேலை மிகுந்த காலம் அதுதான். கடைக்காரருக்கும் பெற்றோருக்கும் இடையில் மனக்கசப்பு உண்டாகும் காலமும் அதுவே. கட்டுநாயக்கவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் எம்பிராய்டரிப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, ஊர் திரும்பி ஒற்றை ஊசி இயந்திரம் ஒன்றை வைத்துத் தொழில் நடத்தி வருபவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இம்முறை பழைய மாணவர்கள் சிலர் பதினெட்டு டீ-சேர்ட்டுகளுக்குப் பாடசாலைச் சின்னம் தைத்துத் தருமாறு என்னிடம் வந்தார்கள். நான் சொன்ன விலையைக் கேட்டதும், கொழும்பில் ஒருவர் முந்நூறு சட்டைகளுக்கு வாங்கிய விலையைக் காட்டி, அதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கேட்பது நியாயமா என்று கேட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகளிடமே கொள்ளையடிக்கிறீர்களே என்று அவர்களில் ஒருவர் சொன்ன சொல் இன்னும் என் மனதில் நிற்கிறது. அந்தப் பிள்ளைகளின் சட்டைக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதை நான் அறிவேன். கொழுந்து எடுத்துத்தான் என் தாயும் என்னை வளர்த்தார். அன்று கடையில் நின்று விளக்க முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

தொலைபேசியில் ஒரு படத்தை அனுப்பினால் இயந்திரம் அதை அப்படியே தைத்துவிடும் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். இயந்திரத்துக்குப் படம் தெரியாது. ஊசி எந்த இடத்தில் இறங்க வேண்டும், அடுத்து எந்தப் பக்கம் நகர வேண்டும், எந்த நிறத்தை முதலில் முடிக்க வேண்டும், மேல் தையல் சுருங்காதிருக்க அடியில் எத்தகைய அடித்தையல் போட வேண்டும், நூல் துணியை இழுக்கும்போது வட்டம் முட்டை வடிவமாகிவிடாமல் எவ்வளவு அகலம் கூட்டி வைக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒருவர் கணினியின் முன் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். டிஜிட்டைசிங் என்று தொழிலில் சொல்லப்படும் இந்த வேலைக்கு, சிங்கமும் விளக்கும் புத்தகமும் உள்ள ஒரு பாடசாலைச் சின்னம் என்றால் எனக்கு மூன்று மணிநேரமாவது பிடிக்கும். அதன்பின் பழைய துணியில் ஒருமுறை தைத்துப் பார்த்துத் திருத்த வேண்டும். இதற்கு 2,700 ரூபா கூலி என்று வைத்துக்கொண்டால், முந்நூறு சட்டைகளுக்குப் பகிரும்போது சட்டை ஒன்றுக்கு 9 ரூபாதான் விழும். பதினெட்டுச் சட்டைகளுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றிலும் 150 ரூபா ஏறிவிடும். ஒரே ஒரு சட்டைக்கு என்றால் 2,700 ரூபாவையும் அந்தச் சட்டையே சுமக்க வேண்டும்.

அடுத்தது இயந்திரம் ஓடும் நேரம். நெஞ்சுப் பக்கத்தில் வைக்கும் சின்னம் ஒன்றுக்குச் சாதாரணமாக ஐயாயிரம் முதல் பத்தாயிரம் வரையான தையல்கள் தேவைப்படும். அந்தச் சின்னத்துக்கு எண்ணாயிரம் வந்தது. என் இயந்திரத்தை நிமிடத்துக்கு எழுநூறு தையல் வேகத்தில் ஓட்டினால் பதினொரு நிமிடங்களுக்கு மேல் ஆகும். நான்கு நிறங்கள் என்பதால் மூன்று முறை நிறுத்தி நூலை மாற்ற வேண்டும். சட்டையைப் பிரேமில் நேராக இழுத்துப் பூட்ட வேண்டும். இடையில் நூல் அறுந்தால் பின்னோக்கிப் போய்த் தொடர வேண்டும். முடிந்தபின், துணி சுருங்காதிருக்க அடியில் வைத்த தாளை நீக்கி, தொங்கும் நூல்களை நறுக்க வேண்டும். சட்டை ஒன்றுக்கு இருபது நிமிடம் என்றால் பதினெட்டுக்கு ஆறு மணிநேரம். கட்டுநாயக்கவில் நான் நின்ற இயந்திரத்தில், ஒவ்வொன்றும் ஒரு சட்டையில் தைக்கும் பன்னிரண்டு தலைகள் இருந்தன. நிறம் மாறும்போது ஊசி தானாகவே மாறும். இருபது நிமிடத்தில் பன்னிரண்டு சட்டைகள் என் கையால் இறங்கும். அதே வேலையை அதே கை இங்கே செய்யும்போது ஒரு சட்டைதான் இறங்குகிறது. கொழும்பு விலைக்கும் எங்கள் விலைக்கும் உள்ள இடைவெளியில் பெரும் பகுதி இதுதான்.

சின்னத்தின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள் என்று சொல்பவர்கள், அகலமும் உயரமும் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும் என்பதை எண்ணுவதில்லை. உள்ளே நிரப்புத் தையல் மிகுந்த சின்னமானால் தையல் எண்ணிக்கையும் ஏறக்குறைய அவ்வளவு பெருகும். முதுகுப் பக்கம் முழுவதையும் நூலால் நிரப்புவது பணத்துக்கும் கேடு, மெல்லிய டீ-சேர்ட்டுக்கும் கேடு. அங்கே அச்சிடுவதே பொருத்தம் என்று நானே சொல்லி அனுப்புகிறேன். மறுபுறத்தில், சிறிய இடத்துக்குள் பாடசாலையின் மகுட வாக்கியத்தை முழுதாக அடக்கச் சொல்வதும் தவறு. நாங்கள் பயன்படுத்தும் நூலின் தடிப்பே ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர், எழுத்தின் உயரம் 5 மில்லிமீற்றருக்குக் கீழே இறங்கினால் ஆங்கில எழுத்தே தடுமாறும். ண, ஞ போன்ற தமிழ் எழுத்துகளின் சுழிகள் அடைபட்டுவிடும், மெய்யெழுத்தின் புள்ளி துணிக்குள் மறைந்துவிடும். கல்வி என்ற சொல்லில் லகரத்தின் மேல் உள்ள புள்ளி விழாவிட்டால் அது முற்றிலும் வேறொரு சொல்லாகிவிடும். பிள்ளைகள் நெஞ்சில் அணியும் சட்டையில் அத்தகைய பிழை நேரக்கூடாது என்பதற்காகவே, வாக்கியத்தை விட்டுவிட்டுப் பாடசாலைப் பெயரை மட்டும் பெரிதாகத் தைப்போம் என்று வற்புறுத்துகிறேன். அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நுவரெலியா பக்கத்துப் பாடசாலைகளின் கம்பளிச் சுவெட்டர்களில் தைப்பது டீ-சேர்ட்டில் தைப்பதைவிடக் கடினம். துணி இழுபடும் என்பதால் வெட்டி நீக்கும் தடித்த தாளை அடியில் வைக்க வேண்டும். நூல் கம்பளியின் மயிருக்குள் புதைந்துவிடாதிருக்க, தண்ணீரில் கரையும் மெல்லிய தாள் ஒன்றை மேலேயும் விரிக்க வேண்டும். இரண்டும் காசு. நூலிலும் வேறுபாடு உண்டு. ரேயோன் நூல் பளபளப்பானது, ஆனால் நனைந்தால் வலுவிழக்கும். மழைக்காலத்தில் நாட்கணக்கில் உலராத எங்கள் ஊர்ச் சீருடைகளுக்கும், வெளுப்புத் திரவத்தில் ஊறும் வெள்ளைச் சட்டைகளுக்கும் பொலியெஸ்டர் நூலே தாக்குப்பிடிக்கும். நூலும் தாளும் ஊசியும் வெளிநாட்டிலிருந்து வந்து, புறக்கோட்டையிலோ கண்டியிலோ வாங்கப்பட்டு, பஸ்ஸில் மலையேறுபவை. 2022 இல் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவளவுக்கு ஏறியபோது இவற்றின் விலையும் கூடவே ஏறியது.

எங்கள் பக்கத்திலும் குறை இருக்கிறது. எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாமல் மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லும் பழக்கமே சந்தேகத்தை வளர்க்கிறது. சென்ற ஆண்டு டிஜிட்டைசிங் கூலியை வாங்கிவிட்டு, அதே சின்னத்துக்கு இந்த ஆண்டும் அதே கூலியைக் கேட்கும் கடைகளை நான் அறிவேன், அது அநியாயம். ஒருமுறை பணம் கொடுத்துக் கணினியில் செய்வித்த தையல் கோப்பு அந்தப் பாடசாலைக்கு உரியது என்பதே என் கருத்து. அதிபர்களும் பழைய மாணவர் சங்கங்களும் டிஜிட்டைசிங், தையல், துணி ஆகிய மூன்றையும் தனித்தனியே குறித்த பற்றுச்சீட்டைக் கேளுங்கள். தைத்த மாதிரி ஒன்றைப் பார்த்தபின் மிகுதிக்கு ஒப்புதல் கொடுங்கள். கோப்பின் பிரதியையும் கேட்டு வாங்கிப் பாடசாலையில் வையுங்கள். இல்லந்தோறும் தனித்தனியே வராமல் நான்கு இல்லங்களும் ஒன்றாக வந்தால், பொதுச் சின்னத்துக்கு ஒரே கூலிதான். வேலையை டிசம்பர் விடுமுறைக்கு முன்பே கொடுத்துவிட்டால் இரவு வேலைக்கான மேலதிகக் கூலியும் தேவைப்படாது.

இயந்திரத் தையலின் கணக்கையாவது இப்படி எழுதிக் காட்ட முடிகிறது. கைவேலையின் கணக்கை எவரும் எழுதுவதே இல்லை. கலியாணப் பெண்களின் சாரி ஜக்கெட்டுக்கு ஆரி வேலை செய்யும் பெண்கள் இன்று பல தோட்டங்களில் இருக்கிறார்கள். மரச் சட்டத்தில் துணியை விறைப்பாகக் கட்டி, கொக்கி ஊசியால் மேலிருந்து குத்தி, அடியிலிருந்து நூலை இழுத்து, மணியையும் ஜரிகையையும் ஒவ்வொன்றாகப் பதிக்கும் வேலை அது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வாழும் ஒரு பெண், கழுத்துக்கும் இரு கைகளுக்கும் வேலைப்பாடு செய்த ஒரு ஜக்கெட்டுக்கு எத்தனை மணிநேரம் போனது என்பதை, நான் சொன்னதற்காகக் கொப்பி ஒன்றில் குறித்து வைத்தார். அது முப்பத்து நான்கு மணிநேரம். எட்டு மணிநேரம் ஒரு நாள் என்றால் நான்கு நாட்களுக்கும் அதிகம். தோட்டத் தொழிலாளருக்கு 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தின்படி பார்த்தாலே 5,700 ரூபாவுக்கு மேல் வர வேண்டும். வேலை கொடுத்த இடைத்தரகர் அவருக்குக் கொடுத்தது 2,500 ரூபா. கூட்டிக் கேட்டபோது, பக்கத்துத் தோட்டத்தில் இதைவிடக் குறைவாகச் செய்ய ஆள் உண்டு என்று பதில் வந்தது. அந்த ஜக்கெட் நகரத்தில் என்ன விலைக்குப் போனது என்பது அவருக்குச் சொல்லப்படவில்லை.

என்னிடம் இயந்திரம் இருப்பதால் விலையைப் பற்றி வாடிக்கையாளரோடு வாதாட முடிகிறது. சட்டமும் ஊசியும் மட்டும் வைத்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு வாடிக்கையாளரின் முகமே தெரியாது. ஆகவே ஜக்கெட்டுக்குக் கட்டளை கொடுக்கும் சகோதரிகள், தைத்தவருக்கு இதில் எவ்வளவு போகும் என்று கடையில் ஒரு கேள்வி கேட்குமாறு வேண்டுகிறேன். உங்கள் பத்திரிகையும் இத்தொழில் செய்யும் தோட்டத்துப் பெண்கள் தாம் பெறும் கூலியையும் செலவிடும் மணிநேரத்தையும் எழுதி அனுப்புவதற்குப் பெண்கள் பக்கத்தில் இடம் ஒதுக்க வேண்டும். எங்கள் லயத்துக் கொப்பியின் முதற் பக்கத்தை நான் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
எம்பிராய்டரித் தொழில் செய்யும் வாசகி,
தலவாக்கலை.