பிரின்ஸ்வில்லின் கரையை இனியும் தள்ளிப் போடாதீர்கள்

அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் வில்மிங்டன் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். வட கரோலினாவில், ராலே பக்கம் குடியிருக்கும் தமிழர்களில் நானும் ஒருவன். வெள்ளத் தடுப்புக் கரைத் திட்டம் உங்கள் கையில் இருக்கும் பிரின்ஸ்வில் என்ற சின்ன ஊருக்காக இந்த மடலை எழுதுகிறேன். தமிழில் எழுதக் காரணம் உண்டு. விடுமுறைக்குக் கடற்கரைத் தீவுகளுக்குப் போகும்போது 64ஆம் நெடுஞ்சாலையில் டார்போரோவைத் தாண்டுகிறோம். ஆற்றின் மறுகரையில் இப்படி ஓர் ஊர் இருப்பது எங்களில் பலருக்குத் தெரியாது. அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

டார் ஆற்றை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. மேட்டு நிலத்தில் பிறந்து, ராக்கி மவுண்ட் வழியாக இறங்கி, கிழக்கே சமவெளிக்கு வந்ததும் வேகம் குறைந்து அகலமாகப் பரவும் ஆறு அது. வடகரையில் இருக்கும் டார்போரோ 1760இல் உருவான ஊர். அது மேட்டில் இருக்கிறது. தென்கரை பள்ளம், சதுப்பு. 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து வட மாநிலங்களின் படை இங்கே முகாமிட்டபோது, சுற்றுவட்டாரப் பண்ணைகளில் அடிமைகளாக இருந்தவர்கள் அந்த முகாமைத் தேடி வந்து இந்தப் பள்ளத்தில் தங்கினார்கள். இடத்துக்கு விடுதலைக் குன்று என்று பெயர் வைத்தார்கள். நிலத்தின் வெள்ளைக்கார உடைமையாளர்கள் அவர்களை விரட்டவில்லை. விவசாயத்துக்கு உதவாத, அடிக்கடி மூழ்கும் நிலத்தால் அவர்களுக்குப் பெரிய பயன் இல்லை. அதாவது இந்த மக்கள் ஆற்றின் வாயில் போய் உட்கார ஆசைப்பட்டு உட்காரவில்லை. அவர்களுக்குக் கிடைத்த மண் அதுதான். "அங்கே ஏன் இன்னும் இருக்கிறார்கள்?" என்று கேட்பவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1885இல் அந்தக் குடியிருப்பு முறையான நகராகப் பதிவானது. அடிமையாகப் பிறந்து தச்சராக உழைத்த டர்னர் பிரின்ஸ் என்பவரின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். கறுப்பின மக்கள் தாங்களே உருவாக்கி அரசிடம் பட்டயம் பெற்ற ஊர்களில், அமெரிக்காவிலேயே மிகப் பழையதாக இது கருதப்படுகிறது. தனக்கென்று மேயரும் மன்றமும் வைத்து இன்று வரை தன்னைத் தானே ஆண்டு வருகிறது. எனக்கு இந்த ஊரின் மேல் மரியாதை வந்தது இதனால்தான்.

1889, 1919, 1924, 1940, 1958 என்று வெள்ளம் மாறி மாறி வந்தது. அப்புறம் உங்கள் துறை ஆற்றோரம் மண்கரை எழுப்பி 1967இல் முடித்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கரை ஊரைக் காத்தது. அதை நம்பி வீடு கட்டினார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள். அந்த நன்றி அந்த மக்களுக்கு உண்டு.

1999 செப்டம்பரில் டென்னிஸ் புயல் மண்ணை நனைத்துவிட்டுப் போன கையோடு ஃப்ளாய்ட் வந்தது. டார்போரோவில் 19 அடியைத் தொட்டாலே வெள்ளம் என்று கணக்கு. அன்று ஆறு 41 அடியைத் தாண்டியது. ஊர் முழுக்க மூழ்கி நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தது. கல்லறைத் தோட்டத்துச் சவப்பெட்டிகள்கூடப் பெயர்ந்து மிதந்தன. நிலத்தை விற்றுவிட்டு எல்லோரும் வெளியேறலாம் என்று அரசு பணம் தர முன்வந்தது. கரையைச் சரிசெய்து இங்கேயே இருப்போம் என்று நகர மன்றம் 3க்கு 2 என்ற வாக்கில் முடிவெடுத்தது. 2000 பிப்ரவரியில் அதிபர் கிளின்டன் பிரின்ஸ்வில்லின் எதிர்காலத்துக்கென்றே ஒரு குழுவை ஆணையிட்டு அமைத்தார்.

இந்த இடத்தில் மக்கள்தொகைக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். வெள்ளம் வடிந்து சில மாதங்களில் எடுத்த 2000 கணக்கில் 940 பேர். 2010இல் 2,082. பத்தே ஆண்டில் ஊர் இரு மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது. கிழக்கு வட கரோலினாவின் கிராமப்புறங்களில் ஆள் குறைவதுதான் வழக்கம். கரை சரியாகும் என்று நம்பித் திரும்பி வந்தார்கள் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

2016 அக்டோபரில் மேத்யூ புயல். ஆறு 36 அடியைத் தாண்டியது. இந்த முறை தண்ணீர் கரையின் மேலேறி வரவில்லை. கரையின் வடக்கு முனையைச் சுற்றிக்கொண்டும், கரைக்கு அடியில் போகும், அடைப்புக் கதவு இல்லாத வடிகால் குழாய்கள் வழியாகவும் உள்ளே வந்தது. ஏரிக்கரை ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். கரை எவ்வளவு உயரம் என்று பார்ப்பதற்கு முன்னால், அது எங்கே முடிகிறது, மதகு சரியாக அடைபடுகிறதா என்று பார்ப்பார்கள். 2020 கணக்கில் ஊரில் 1,254 பேர் இருந்தார்கள். போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு வீடும் காலியாகும்போது, குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் ஆகும் செலவு மிச்சமிருப்பவர்கள் தலையில் விழுகிறது. பெரும்பாலும் வயதானவர்கள், வருமானம் குறைந்தவர்கள்.

மேத்யூ வந்த 2016ஆம் ஆண்டின் கடைசியிலேயே நாடாளுமன்றம் கரைத் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. 2020 ஜனவரியில் 3 கோடியே 96 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. ஊரே கொண்டாடியது. பிறகு வடிவமைப்பைத் திரும்பக் கணக்கிட்டபோது, கரையை நீட்டினால் வேறு இடங்களில் வெள்ளம் கூடும் என்று கண்டீர்கள். அடுத்த ஊரை மூழ்கடித்து ஓர் ஊரைக் காப்பது சரியில்லை, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த இடத்திலேயே நின்றுவிட்டால், ஒரு முடிவும் எடுக்காமலே ஊரைக் காலிசெய்வதாகிவிடும்.

அதனால் கேட்கிறேன். பெரிய திட்டம் இழுபட்டாலும், வடக்கு முனையிலும் வடிகால் குழாய்களிலும் மட்டும் இப்போது என்ன செய்ய முடியும் என்று தனியாகச் சொல்லுங்கள். உங்கள் கணினிக் கணக்கீடு காட்டியதை பிரின்ஸ்வில்லுக்கே வந்து, தேவாலயம் முடிந்த ஒரு ஞாயிறு மதியம், எந்தத் தெருவுக்கு எத்தனை அடி தண்ணீர் என்று வரைபடம் விரித்துக் காட்டுங்கள். மேட்டில் 50 ஏக்கருக்கு மேல் மாநில அரசு இந்த ஊருக்காக வாங்கியிருக்கிறது. எது கரைக்குள் நிலைக்கும், எது மேட்டுக்குப் போக வேண்டும் என்பதை நகர மன்றத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். பயனையும் செலவையும் ஒப்பிடும்போது வீடுகளின் சந்தை விலையை மட்டும் வைத்து எடை போடாதீர்கள். மலிவான வீடுகள் உள்ள ஊர் அந்தத் தராசில் எப்போதுமே தோற்கும்.

எல்லாவற்றுக்கும் ஒரு தேதி குறித்து, எழுத்தில் கொடுங்கள். அடுத்த புயல் பருவம் தொடங்குவதற்கு முன்னால் கொடுங்கள்.

இப்படிக்கு,
வட கரோலினாவில் வாழும் ஒரு தமிழன்