கழற்றி வைத்த மூடியும் தம்பியின் விரல்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேயிலைத் தோட்டத்தில் குளவி கொட்டினால் செய்தி வருகிறது. சிறுத்தை வந்தால் படமே வருகிறது. ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், ஒருவருக்கு விரல் போனால் மட்டும் அது நாங்கள் குடியிருக்கும் லயத்தோடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் தம்பி தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோட்டவேன் மெஷினில் நின்றவன். இரவெல்லாம் வாட்டிய கொழுந்தை அரைப்பது விடியப்புறத்தில்தான். மெஷின் வாயில் கொழுந்து அடைத்துக்கொண்டால் கையாலேயே தள்ளிவிடுவார்கள். அந்த வாய்க்கு ஒரு கம்பி மூடி உண்டு. தம்பி வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே அது சுவரோரமாகச் சாய்ந்து கிடந்ததாம். ஒருநாள் விடியப்புறம் மூன்று மணிக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

கூட நின்றவர்கள் பாவம், ஓடிப்போய்க் கடையைத் தட்டி ஐஸ் வாங்கி, விரல்களை அதற்குள்ளேயே புதைத்துக் கொடுத்தார்கள். கண்டியில் டொக்டர் சொப்பிங் பேக்கைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: ஒன்று நசுங்கிவிட்டது, மற்றதை ஒட்டிப் பார்த்திருக்கலாம், ஆனால் ஐஸ் நேராகப் பட்டு அது கெட்டுவிட்டது. சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து விரலைச் சுற்றி, தண்ணீர் புகாத பையில் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் மேல் வைக்க வேண்டுமாம். விரலில் தசை இல்லாததால் இப்படிக் குளிரில் வைத்தால் பல மணி நேரம் தாங்கும் என்றார். மஸ்கெலியாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் கண்டிக்கு வருகிறவர்களுக்கு அந்த நேரம் எவ்வளவு பெரியது!

ஸ்டோரில் "கவனக்குறைவு" என்று எழுதிவிட்டார்கள். மெஷினின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்புப் போட வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே சொல்கிறது. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் அதற்கும் முந்தியது, 1934இல் வந்தது. எங்களுக்கு அதைச் சொன்னவர் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர். அவருக்குப் புல்வெட்டும் மெஷினில் கை வெட்டுப்பட்டிருந்தது. நட்டஈட்டுப் படிவத்தில் தம்பி இடது கையால் கையெழுத்துப் போட்டான். மூன்று முறை கிழித்து எழுத வேண்டியதாயிற்று.

தோட்ட நிர்வாகங்களிடம் கேட்பது பெரிய செலவில்லை. கழற்றிய மூடியைத் திரும்பப் பூட்டுங்கள். அடைத்த கொழுந்தை எடுக்கும்போது மெஷினை நிறுத்த விடுங்கள், அதற்காக யாரையும் ஏசாதீர்கள். அறுந்த விரலைக் கொண்டுபோகும் விதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி மெஷின் பக்கத்திலேயே ஒட்டுங்கள். சம்பளப் பேச்சுக்குப் போகும் சங்கங்களும் இதைச் சேர்த்துப் பேச வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பொகவந்தலாவை.