அடிக்கோட்டையும் கொஞ்சம் பாருங்கள்

நிரல் மீளாய்வுக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற வாரம் பயனர் அட்டவணைக்கு நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். அந்த வினவலுக்கு, அதாவது தரவுத்தளத்துக்கு இட்ட கட்டளைக்கு, ஒப்புதல் தந்தவர்களே நீங்கள்தான் என்பதால் விரித்துச் சொல்லவில்லை.

சோதனைக் கணக்குகளை நீக்க எழுதிய டெலீட், வரிசைகளை அழிக்கும் கட்டளை அது. நிபந்தனையில், ஒரு வடிவத்துக்குப் பொருந்தும் பெயர்களைப் பிடிக்கும் லைக். வடிவம்: ஆங்கில எழுத்தில் 'டெஸ்ட்', அடுத்து ஓர் அடிக்கோடு, கடைசியில் சதவீதக் குறி. எழுதியவர் அதை வெறும் அடிக்கோடு என்றே நினைத்தார். லைக்கில் அதற்கு 'ஏதேனும் ஓர் எழுத்து' என்று பொருள்; சதவீதக் குறிக்கோ 'எத்தனை எழுத்தானாலும், எதுவுமே இல்லாவிட்டாலும்' என்று பொருள். அடிக்கோட்டுக்கு முன்னால், 'இதை வெறும் எழுத்தாகக் கொள்' என்று சொல்லும் ஓர் எஸ்கேப் குறி இருந்திருந்தால் போதும். இல்லாததால் டெஸ்டா என்ற குடும்பப் பெயர் கொண்ட வாடிக்கையாளர்களும் சேர்ந்து போனார்கள். சோதனைத் தளத்தில் இது சிக்கவில்லை. அங்கே அடிக்கோடு போட்ட பெயர்கள் மட்டுமே இருந்தன. இதற்காகத்தானே மனிதக் கண் வேண்டும் என்கிறோம்?

உங்கள் கண்ணும் பட்டது. "டெலீட் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதவும்" என்று குறிப்பு வந்தது. பெரிய எழுத்தில் மாற்றினார்கள். பெரிய எழுத்திலேயே அழித்தது.

காப்புப் பிரதியிலிருந்து கணக்குகளை மீட்டுவிட்டோம். பிரதி எடுத்தபின் அவர்கள் செய்த மாற்றங்கள் மீளவில்லை. புதிய முகவரியைப் பதிந்திருந்த ஒருவர், பொருள் பழைய வீட்டுக்குப் போனது ஏன் என்று கேட்டார். 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதி அனுப்பினோம். அது கோளாறு அல்ல. தரவுத்தளம் சொன்னதைச் சொன்னபடி செய்தது.

வேண்டுவது இதுதான்: லைக் உள்ள எந்த நீக்க வினவலையும், அதே நிபந்தனையை உண்மைத் தரவில் செலக்டாக, அழிக்காமல் காட்ட மட்டும் செய்யும் கட்டளையாக, ஓட்டி, சிக்கும் வரிசைகளின் பட்டியலைப் பார்க்காமல் அனுமதிக்காதீர்கள்.

"பயனர் தரும் மதிப்பைக் கட்டளையோடு ஒட்டாமல் தனி அளபுருவாகத்தான் அனுப்புகிறோம், ஆபத்தில்லை" என்பீர்கள். அது வினவலுக்குள் அயல் கட்டளை நுழைவதைத் தடுக்கும். சதவீதக் குறியின் பொருளை மாற்றாது. தேடல் பெட்டியில் அந்தக் குறியை மட்டும் தட்டிப் பாருங்கள், பெயர் உள்ள வரிசையெல்லாம் வந்து நிற்கும். வடிவத்தின் தொடக்கத்திலேயே சதவீதக் குறி வைக்கும் பழக்கமோ தனிக் கதை. தேடலை விரைவாக்க வைத்திருக்கும் சாதாரண இன்டெக்ஸ் அதற்கு உதவாது. அட்டவணை முழுவதையும் படித்தாக வேண்டும். அதற்கும் உங்களிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் கிடைத்துவிடுகிறது. நிரல் வரியின் தொடக்கத்தில் இடைவெளி இரண்டா நான்கா என்ற விவாதம் மட்டும் முடிவதேயில்லை.

மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல. பட்டியலைப் பார்த்த பிறகே ஒப்புதல் தாருங்கள். உங்கள் முன் இப்போதும் ஒரு டெலீட் காத்திருக்கிறது: 'டெம்ப்', அடிக்கோடு, சதவீதக் குறி. அதை நிறுத்திவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தரவுத்தளப் பராமரிப்புப் பிரிவில் ஒருவர்