மேசைக்கு மேசை மாறும் முன்கை

ஆசிரியருக்கு வணக்கம்.

உடல்தானம் பற்றிய உங்கள் கட்டுரைக்கு எழுதிய கடிதத்தில், 'எல்லாம் கணினித் திரையில் வந்துவிட்டது, மருத்துவ மாணவர்களுக்கு இனி எதற்கு உடல்?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அரசு மருத்துவக் கல்லூரியில் 31 ஆண்டுகள் உடற்கூறியல் நடத்தியவள் நான். அவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து வைத்து, மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்கிப் பாருங்கள். நடுவில் கயிறு போல ஒன்று எழும்பும். பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையின் நாண் அது. சிலருக்கு எழும்பாது, அந்தத் தசையே இருக்காது. மேலைநாட்டுப் பாடநூல்கள் 100 பேரில் சுமார் 15 பேருக்கு இல்லை என்கின்றன. இந்தக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். என் இடது கையில் இல்லை. அந்தக் கையால் எத்தனையோ குடம் தண்ணீர் தூக்கியிருக்கிறேன், ஒரு குறையும் தெரிந்ததில்லை.

இல்லாமலே சமாளிக்கலாம் என்பதால்தான் அறுவை மருத்துவர்கள் இதைத் தேடுகிறார்கள். விரலில் அறுந்த நாணுக்கு ஒட்டுப்போடவும், தொங்கும் கண்ணிமையைத் தூக்கிக் கட்டவும் இதை உருவி எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இதற்கு நேர் கீழே, விரல்களுக்கு உணர்வு தரும் மீடியன் நரம்பு ஓடுகிறது. தசை இல்லாத கையில், தோலைத் திறந்ததும் நடுவில் தென்படுவது அந்த நரம்புதான்.

1990-களில் ஒரு காலை, உடலை அறுத்துப் படிக்கும் கூடத்தில். முதலாண்டு மாணவி ஒருத்தி ஃபோர்செப்ஸால் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "மேடம், பால்மாரிஸ்!" என்றாள். வெளுப்பாக, நீளமாக, நடுவில்தான் இருந்தது. "சரி, மேலே பிரித்துக்கொண்டே போ" என்றேன். முழங்கைப் பக்கம் போகப் போக அது தசையாக மாறவே இல்லை. விரல் மடக்கும் தசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. கீழே மணிக்கட்டுப் பட்டைக்கு மேலாகப் போக வேண்டியது, அடியில் நுழைந்தது. நாண் பட்டுநூல் மாதிரி மினுங்கும். இது மங்கலாக, விரலில் உருட்டினால் உள்ளே இழை இழையாகத் தட்டுப்பட்டது. தூக்கிப் பிடித்தது நாண் அல்ல, மீடியன் நரம்பு என்று புரிந்ததும் அவளுக்கு முகம் வெளிறிவிட்டது. மதியம் வரை அந்த மேசையை விட்டு அவள் நகரவில்லை.

நாம் பேச்சில் புடைத்த ரத்தக்குழாயையும் நரம்பு என்போம், நாணையும் நரம்பு என்போம். அறுவை மேசையில் நாணுக்குப் பதில் மீடியன் நரம்பை வெட்டிவிட்டால், கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் உணர்வு போகும், கட்டைவிரலை எதிர்ப்பக்கம் கொண்டுவர முடியாது. நாண் என்று நினைத்து இதே நரம்பை வெட்டி எடுத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

அப்புறம், இன்னொரு மேசையில் இதே தசை தலைகீழாக இருந்தது: சதை மணிக்கட்டுப் பக்கம், நாண் முழங்கைப் பக்கம். கடும் கைவேலை செய்கிறவர்களுக்கு இது கட்டி போலப் புடைத்து நரம்பை அழுத்தலாம். கட்டைவிரல் மடக்கும் தசைக்குக் கூடுதலாக ஒரு தலை (தசை தொடங்கும் பகுதி) இருப்பதை 1813-லேயே கான்ட்சர் என்பவர் விவரித்தார். அதை நான் எத்தனையோ மேசைகளில் பார்த்திருக்கிறேன்.

திரையையும் நான் வகுப்பில் பயன்படுத்தியிருக்கிறேன், நல்ல கருவிதான். ஆனால் பத்து முறை திறந்தாலும் அதில் அதே கைதான் வரும். மாணவிக்கு அன்று கிடைத்த திகைப்பு அதில் கிடைக்காது.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மேசையருகிலும் ஒரு நோட்டு வையுங்கள். எந்தக் கையில் எது இல்லை, எது கூடுதல் என்று மாணவர்களே படம் போட்டு எழுதட்டும். ஒரு பிரதி அறுவைத் துறைக்குப் போகட்டும். இப்போது அந்தத் தகவலெல்லாம் வருடக் கடைசியில் உடலோடு சேர்ந்து போய்விடுகிறது.

நானும் உடல்தானப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இடது கையைப் பற்றி அதில் எழுதவில்லை. பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கூறியல் ஆசிரியை,
மதுரை